நடு நாற்காலி

நண்பர்களைப் பெறுவதற்கு உலகில் வழிகள் பல உண்டு. ஒரே தெருவில் வாழ்வதால் நண்பராவோர் சிலர். ஒரே பள்ளியில் பயின்றதால் நண்பராவோர் சிலர். ஒரே முதலாளியிடம் ஏச்சு வாங்கி, அந்தத் துன்பத்தாலேயே ஒன்றுபட்டோர் இன்னும் சிலர். திருவள்ளுவர் நட்பின் இயல்பை 79ஆம் அதிகாரம் தொடங்கி 83ஆம் அதிகாரம் வரை ஐந்து அதிகாரங்களில் ஆராய்ந்துள்ளார். அருகிருந்து பழகுவதைவிட ஒத்த உணர்ச்சியே நட்புக்கு உரிமை தரும் என்பது அப்பெருமகனாரின் முடிபு. அந்த ஒத்த உணர்ச்சி எங்கிருந்து வேண்டுமானாலும் பிறக்கலாம். எனக்கு அது, சுழலும் இசைத்தட்டின்மேல் ஊசி இறங்கும் மெல்லிய ஓசையிலிருந்து பிறந்தது.

வீட்டில் நல்ல ஒலி கேட்க வேண்டும் என்னும் ஆசையை ஒரு பொழுதுபோக்கு என்று சொன்னால் பலர் நகைப்பர். வானொலி இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, கைப்பேசியில் எல்லாப் பாட்டும் இருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்பர். வேண்டுவது ஒன்றே ஒன்றுதான். பாடுகிறவர் நம் வீட்டுக் கூடத்தில் வந்து நின்று பாடுகிறார் என்னும் மயக்கம் வேண்டும். அவர் மூச்சை உள்ளிழுப்பது கேட்க வேண்டும். வீணைத் தந்தியின்மேல் விரல் வழுக்கிச் செல்வது கேட்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து எழும் கும்கி நெஞ்சில் வந்து முட்ட வேண்டும். இந்த மயக்கத்திற்காகச் சம்பளப் பணத்தைச் செலவிட்டு, வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்களை இடம் மாற்றி, மனைவி மக்களின் முணுமுணுப்பையும் தாங்கிக்கொள்ளும் ஒரு கூட்டம் உலகெங்கும் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அக்கூட்டம் சிறியதன்று. அக்கூட்டத்தில் நானும் ஒருவன்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒலி என்பது ஒரு காலத்தில் பொதுச்சொத்தாக இருந்தது. லயத்து வீடுகளுக்கு இடையே பலகைச் சுவர்தான் தடுப்பு. ஒரு வீட்டில் வானொலி பாடினால் பத்து வீடுகள் கேட்டன. எங்கள் தோட்டத்துக் கிராணியார் வீட்டில் ரேடியோகிராம் ஒன்று இருந்தது. வானொலியும் இசைத்தட்டுப் பெட்டியும் ஒரே மரப்பேழைக்குள் அடங்கிய அந்தப் பெரும்பொருளை நாங்கள் ஒரு தெய்வத்தைப் பார்ப்பதுபோல் சன்னலுக்கு வெளியே நின்று பார்ப்போம். அவர் தட்டை மாற்றும்போது கீறலின் கரகரப்புடன் எழும் பாட்டு, முற்றத்தைக் கடந்து, குழாயடியைக் கடந்து, மாட்டுக் கொட்டகை வரையில் சென்று சேரும். எந்தப் பாட்டைப் போடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களில் எவருக்கும் இல்லை. ஆனால் கேட்கும் உரிமை எல்லாருக்கும் இருந்தது.

அதன்பின் வந்த வளர்ச்சிகளை எண்ணிப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. 1948இல் நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தது. மூன்று நிமிடத்துக்குச் சற்றே மிகுந்த நேரம் பாடிய பழைய அரக்குத் தட்டின் இடத்தை, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாடும் தட்டு பிடித்துக்கொண்டது. 1958 முதல் ஸ்டீரியோ தட்டுகள் பரவின. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டைக் கொணர்ந்தது. 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மன் வந்தது. பாட்டு, கூடத்தை விட்டு நீங்கிக் காதுக்குள் புகுந்தது. 1982இல் குறுந்தட்டு வந்தது. ஒவ்வொரு படியிலும் ஒலி தெளிவு பெற்றது; அல்லது எளிமை பெற்றது. ஆனால் ஒவ்வொரு படியிலும் கேட்பவன் மற்றவரிடமிருந்து ஓரடி விலகினான். பத்து வீடுகள் சேர்ந்து கேட்ட பாட்டை, இறுதியில் ஒருவனே இரு செவிகளையும் அடைத்துக்கொண்டு கேட்கலானான்.

இவற்றுள் ஸ்டீரியோ முறைக்குத் தனித்த ஓர் இயல்பு உண்டு. அதனை 1931இல் வகுத்து உரிமப் பதிவுக்கு விண்ணப்பித்தவர் ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். அவர் தம் மனைவியுடன் படம் பார்க்கச் சென்றாராம். திரையில் நடிகர் ஒரு கோடியில் நிற்க, குரல் மட்டும் வேறோர் இடத்திலிருந்து வந்ததாம். நடிகர் நகரும் திசையெல்லாம் குரலும் உடன்செல்லும்படி செய்வதற்குத் தமக்கு வழி தெரியும் என்று மனைவியிடம் கூறினாராம். அந்த வழிதான் இன்று நம் வீடுகளில் இரண்டு ஸ்பீக்கர்களாக நிற்கின்றது.

ஆனால் அந்த மாயம் முழுமையாக நிகழ வேண்டுமாயின் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவனும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைய வேண்டும். ஸ்பீக்கர்களுக்கு இடையே இரண்டு மீட்டர் இருந்தால், கேட்பவனுக்கும் அவை ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ அதே இரண்டு மீட்டர் இருக்க வேண்டும். அந்த முனையில் அமர்ந்தால் பாடகர் நடுவில் தோன்றுவார். வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் எனக் கச்சேரி மேடையே எதிரில் விரியும். ஓரடி இடப்புறம் நகர்ந்தால் பாடகர் இடப்புற ஸ்பீக்கருக்குள் ஓடி ஒளிந்துகொள்வார். ஆகவே ஓர் அறையில் எத்தனை நாற்காலிகள் இருந்தாலும் சரியான நாற்காலி ஒன்றே. இந்தப் பொழுதுபோக்கின் கருவியே, ஒருவன் மட்டும் கேட்க வேண்டும் என்று விதித்துவிட்டது போலும்!

அந்த ஒற்றை நாற்காலியில் நான் பல ஆண்டுகள் தனியே அமர்ந்திருந்தேன். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள எங்கள் வரிசை வீட்டின் கூடம் சிறியது. அதற்கேற்ற சிறிய ஸ்பீக்கர்களைத் தேடி வாங்கினேன். எல்.எஸ்.3/5ஏ என்பது அவற்றின் பெயர். பி.பி.சி. வானொலி நிறுவனத்தின் பொறியாளர்கள், வெளிப்புற ஒலிபரப்பு வண்டியின் குறுகிய இடத்தில் வைத்துக் கேட்பதற்கென 1970களின் தொடக்கத்தில் வடிவமைத்தவை. ஓரடி உயரமே உடையவை. மனிதக் குரலை உள்ளவாறு தருவதில் பெயர் பெற்றவை. இரவில் எல்லாரும் உறங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பேன். ஆம்பிளிபயரின் வால்வுகள் மட்டும் அகல்விளக்குப்போல் செந்நிறமாய் ஒளிரும். இன்பமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு முடிந்ததும் ஏதோ ஒரு குறை நெஞ்சை அரிக்கும். "இவ்வளவும் யாருக்காக?" என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். செலவைக் குறித்துத்தான் கேட்டாள். எனக்கோ அந்தக் கேள்வி வேறொரு பொருளில் வந்து தைத்தது. நல்ல காட்சியைக் கண்டால் அருகிலிருப்பவரின் தோளைத் தட்டிக் காட்டத் தோன்றுகிறது. நல்ல ஒலியைக் கேட்டால் யாருடைய தோளைத் தட்டுவது?

கோலாலம்பூரின் புடு வட்டாரத்தில் ஜாலான் பாசார் என்றொரு தெரு உண்டு. மின்னணு உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றது. ஒரு சனிக்கிழமை, என் ஆம்பிளிபயருக்கு வேண்டிய ஓர் இணை வால்வுகளைத் தேடி அங்கே கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் கையை விரித்தபோது, அருகில் கண்டென்சர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் திரும்பி, எந்த வால்வு என்று மலாயில் கேட்டார். இ.எல்.34 என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் வீட்டில் இருக்கிறது, வந்து கேட்டுப் பார் என்றார். வாங்கிக்கொள் என்று சொல்லாமல் கேட்டுப் பார் என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லிலேயே அவர் எங்கள் கூட்டத்தவர் என்பது விளங்கிவிட்டது.

அவர் ஒரு சீனர். இளமையில் வானொலி பழுது பார்க்கும் கடையில் எடுபிடியாய்ச் சேர்ந்து தொழில் கற்றவர். பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லை. ஆனால் ஒரு பெட்டியைத் திறந்து, முகர்ந்து பார்த்தே எந்தப் பாகம் கருகியது என்று சொல்லும் திறன் இருந்தது. நாங்கள் அவரை 'அங்கிள்' என்றே அழைக்கிறோம். அவர் வழியாக ஒரு மலாய் ஆசிரியர் அறிமுகமானார். அவரை எல்லாரும் 'சிக்கு' என்போம். மலாய் மொழியில் ஆசிரியரை அழைக்கும் மரியாதைச் சொல் அது. பின்னர், பழந்தட்டுகள் விற்கும் வார இறுதிச் சந்தை ஒன்றில், நாகசுரத் தட்டு ஒன்றுக்காக என்னோடு போட்டியிட்ட பெரியவர் ஒருவர் நான்காமவராய் வந்து சேர்ந்தார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எங்களுக்கு 'ஐயா'. அந்தத் தட்டை அவரே வாங்கினார். ஆனால் வாங்கிய கையோடு, "வா தம்பி, வீட்டுக்குப் போய்க் கேட்போம்" என்று என்னையும் அழைத்துக்கொண்டார்.

திங்களுக்கு ஒருமுறை, முதற் சனிக்கிழமை மாலையில், முறை வைத்து ஒருவர் வீட்டில் கூடுவது வழக்கமாயிற்று. சிக்குவை முன்னிட்டு எல்லார் வீட்டிலும் ஹலால் உணவுதான். புரட்டாசித் திங்களில் ஐயாவுக்காக எல்லாரும் சைவம். நோன்பு மாதத்தில் நோன்பு துறந்த பிறகே ஊசியைத் தட்டில் வைப்போம். இவையெல்லாம் எவரும் எழுதி வைத்த விதிகள் அல்ல, தாமாக அமைந்தவை. எழுதா விதிகளுள் தலையாயது இன்னொன்று. வீட்டுக்கு உரியவர் நடு நாற்காலியில் அமர்வதில்லை. அது வந்தவர்க்கு உரியது. முதலில் வயதில் மூத்தவர், பிறகு அடுத்தவர் எனத் தட்டின் பக்கத்துக்கு ஒருவராக மாறி அமர்வோம். மற்ற மூவரும் ஓரங்களில் இருந்தபடி, பாதி ஒலியைக் காதாலும் மீதியை நடுவில் இருப்பவரின் முகத்தாலும் கேட்போம். ஒருவர் இன்புறுவதைப் பார்த்து இன்புறுவதும் ஒரு கேள்விச் செல்வமே என்பதை நான் அங்குதான் அறிந்தேன்.

ஒவ்வொருவரும் கொண்டுவரும் தட்டு மற்றவர்க்குப் புதிய உலகமாய் இருந்தது. அங்கிள் 1995இல் மறைந்த தெரேசா தெங்கின் தட்டுகளைக் கொண்டுவருவார். எனக்குச் சீன மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் அந்தக் குரலில் உள்ள கனிவை அறிய மொழி தேவைப்படவில்லை. சிக்குவோ பி. ரம்லீயின் பக்தர். அவருடைய தட்டுகளில் நம் இசையின் சாயல் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருமுறை வியந்தபோது, சிக்கு ஒரு பாடமே நடத்திவிட்டார். 1929இல் பினாங்கில் பிறந்த ரம்லீயை 1948இல் 'சிந்தா' படத்தின்வழித் திரைக்குக் கொணர்ந்தவர் பி.எஸ். ராஜன்ஸ் என்னும் இந்திய இயக்குநர். 1950இல் 'பக்தி' என்னும் படத்தில் அவரை முதன்முதலில் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். படத்தின் பெயரே பக்தி! இச்செய்தியை ஒரு மலாய்க்காரர் வாயால் கேட்க நேர்ந்தது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. நம்மவர் எத்தனை பேர் இதனை அறிவர் என்னும் எண்ணமும் எழுந்தது.

நானும் ஐயாவும் தமிழ்த் தட்டுகளை இறக்குவோம். சிங்கப்பூரில் படமாக்கப்பட்டு 1978இல் வெளிவந்த 'ப்ரியா' படத்தின் தட்டு அங்கிளுக்கு மிகவும் பிடித்தமானது. தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ முறையில் பதிவான முற்காலத் தட்டுகளுள் அஃது ஒன்று. இளையராஜாவின் வாத்தியங்கள் இடமும் வலமும் பிரிந்து நின்று பேசிக்கொள்வதைக் கேட்டு, இது யார் செய்தது, யார் செய்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஐயாவுக்கு அவையெல்லாம் பொருட்டல்ல. 1956இல் மறைந்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரம் ஒலிக்கும் அரக்குத் தட்டே அவருக்கு உயிர். மணிக்கணக்கில் விரித்து வாசிக்கத்தக்க ஓர் இராகத்தை, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்னும் சிறைக்குள் அடக்கி, அடக்கியதே தெரியாமல் வாசித்த மேதைமையை அவர் விளக்கும்போது சிக்குவும் அங்கிளும் மாணவர்களாகிவிடுவர். பாட்டுத் தட்டானால் ஒவ்வோர் அடிக்கும் பொருள் சொல்வார். அவர் பொருள் சொல்லி முடிக்கும்வரை ஊசி காத்திருக்க வேண்டும்.

இந்த மண்ணின் தட்பவெப்பத்துக்கும் எங்கள் கருவிகளுக்கும் ஓயாத போர் உண்டு. காற்றின் ஈரம் எண்பது விழுக்காட்டை ஒட்டி நிற்கும் நாட்டில் தட்டுகளின்மேல் பூஞ்சணம் பூக்கின்றது. ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள நுரைப்பஞ்சு வளையம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழைய ரொட்டிபோல் உதிர்கின்றது. தட்டைச் சுழற்றும் ரப்பர் வார் இளகி ஒட்டுகின்றது. பிற்பகல் இடி ஒன்று வீட்டு மின்கம்பி வழியாகப் புகுந்து ஆம்பிளிபயரைச் சுட்டுவிடும். இவற்றுக்கெல்லாம் மருந்து புத்தகத்தில் இருப்பதைவிட நண்பர்களிடம் மிகுதியாக இருந்தது. வாலை நீரில் தட்டைக் கழுவி நிழலில் உலர்த்துவது எப்படி என்று சிக்கு கற்றுத் தந்தார். உதிர்ந்த நுரைவளையத்தை நீக்கிப் புதியதை ஒட்டும்போது கூம்பு கோணாமல் இருக்க என்ன செய்வது என்று அங்கிள் செய்து காட்டினார். பழைய அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு தடித்த ஊசி வேண்டும், எல்.பி. தட்டுக்குரிய மெல்லிய ஊசியை அதில் வைத்தால் அடியிலுள்ள தூசியைத்தான் உழும் என்பதும் அவர் சொல்லித் தெரிந்தது. இடி முழங்கினால் எவர் வீட்டில் இருந்தாலும் நால்வரும் ஒருசேர எழுந்து மின்செருகியைப் பிடுங்க ஓடுவோம்.

பிணக்கு இல்லாத நட்பு எங்கே உண்டு? எங்களுக்குள்ளும் உண்டு. வால்வா டிரான்சிஸ்டரா, தட்டா குறுந்தட்டா என்று நள்ளிரவு வரை வாதிட்டிருக்கிறோம். ஒருமுறை சிக்கு விலையுயர்ந்த வயர் ஒன்றை வாங்கி வந்து, அதனை இணைத்ததும் ஒலியில் பனித்திரை விலகிவிட்டது என்றார். அங்கிள் ஒன்றும் பேசவில்லை. ஒரு போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு அதன் பின்னே சென்றார். பன்னிரண்டு முறை, சில வேளை வயரை மாற்றியும் சில வேளை மாற்றாமலும், எது எது என்று சிக்குவைச் சொல்லச் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டில் ஆறு சரி, ஆறு தவறு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே விடைதான் கிடைத்திருக்கும். சிக்கு வயரைச் சுருட்டிக்கொண்டு மௌனமாகப் புறப்பட்டார். அடுத்த திங்கள் வரமாட்டாரோ என்று அஞ்சினோம். அவரோ மனைவி கட்டிக் கொடுத்த நாசி லெமாக் பொட்டலங்களுடன் முதல் ஆளாய் வந்து நின்றார். வயரும் கையில் இருந்தது. ஒலி மாறாவிட்டால் என்ன, பார்க்க அழகாக இருக்கிறதே என்றார். அன்று சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றும் வயிறு வலிக்கின்றது. செவியைப் பற்றிய வாதத்தில் தோற்றவரும் திரும்பி வரும் இடமே நட்பின் இடம்.

இவ்வளவும் களிப்பின் பகுதி. நட்பு மெய்யா பொய்யா என்பதைக் காலம் சோதித்துப் பார்க்கும் நாளும் வந்தது.

ஐயா மூன்று திங்கள் வரவில்லை. முழங்கால் வலி என்று தொலைபேசியில் சொன்னார். நாங்களே வருகிறோம் என்றால், வேண்டாம் என்று தட்டிக் கழித்தார். நான்காம் திங்கள் சொல்லாமலே மூவரும் புறப்பட்டுப் போனோம். கூடத்தில் அவருடைய தட்டு அலமாரி வெறுமையாய் நின்றது. நாற்பது ஆண்டுகளாய்ச் சேர்த்த தட்டுகள் கயிற்றால் கட்டப்பட்டுத் தரையில் அடுக்கடுக்காய் இருந்தன. மறுநாள் பழம்பொருள் வணிகர் ஒருவர் வந்து எடுத்துச் செல்வதாக ஏற்பாடாம். முழங்காலில் வலி ஏதும் இருப்பதாய்த் தெரியவில்லை. அவரே எழுந்து சென்று தேநீர் கொண்டுவந்தார். நெடுநேரம் வற்புறுத்திக் கேட்ட பிறகே வாய் திறந்தார்.

"பண் வருகிறது தம்பி, சொல் வரவில்லை. இலக்கணப்படி சொன்னால், எனக்கு மெய் போய்விட்டது. உயிர் மட்டும் இருக்கிறது."

தமிழாசிரியருக்கே உரிய அந்தச் சிலேடையைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற இருவருக்கும் மலாயில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

அவர் விளையாட்டாய்ச் சொன்னது அறிவியலும் ஒப்பும் உண்மை. குறைவற்ற இளஞ்செவி, நொடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைக் கேட்கும். அகவை ஏற ஏற உட்செவியில் உயர்ந்த அதிர்வுகளை ஏற்கும் நுண்மயிர் அணுக்களே முதலில் தேய்கின்றன; தேய்ந்தவை மீண்டும் முளைப்பதில்லை. உயிரெழுத்துகளின் வலிமை பெரிதும் தாழ்ந்த அதிர்வுகளில் உள்ளது. சகரம் போன்ற மெய்களின் கூர்மையோ உயர்ந்த அதிர்வுகளில் உள்ளது. ஆகவே முதுமையில் குரல் கேட்கும், சொல் கலங்கும். இசை கேட்கும், சாகித்தியம் நழுவும். பிறருக்கு இது சிறு இடையூறு. வாழ்நாளெல்லாம் சொல்லைக் கற்பித்து, பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் பொருள் சொல்லி மகிழ்ந்த ஒருவருக்கு? நடு நாற்காலியில் அமர்ந்து, கேட்காததைக் கேட்டதுபோல் தலையசைக்க அவர் மனம் ஒப்பவில்லை. அதனால்தான் வராமலிருந்தார். விலகிக்கொள்வதே மரியாதை என்று எண்ணியிருக்கிறார்.

அங்கிள் தம் பையிலிருந்து, கருவிகளைச் சோதிக்கப் பயன்படும் ஒலித்தட்டு ஒன்றை எடுத்தார். ஆயிரம் அதிர்வு, இரண்டாயிரம் அதிர்வு எனப் படிப்படியாய் ஓசை ஏறும் தட்டு அது. ஐயா கையை உயர்த்திக்கொண்டே வந்தார். மூவாயிரத்தில் கை தயங்கியது. ஆறாயிரத்தில் எங்களுக்குக் காதைத் துளைத்த ஓசை, அவர் முகத்தில் சலனமே இல்லாமல் கடந்து போயிற்று. அந்த அமைதியை நான் மறக்க முடியாது. அங்கிள் ஊசியைத் தூக்கிவிட்டு, பெட்டி நன்றாக இருக்கிறது, ஒரு பாகம் மட்டும் தேய்ந்திருக்கிறது, பாகம் தேய்ந்தால் பெட்டியை வீசுவோமா என்று தமக்குத் தெரிந்த மலாயில் கேட்டார். ஐயா அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

செவி மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கேட்புக் கருவி பொருத்தினார்கள். பேச்சுக்கு அது பெருந்துணையாயிற்று. பேச்சுக்கென்றே அமைக்கப்பட்ட அச்சிறு கருவி, இசையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்காமல் சில வேளை கரகரத்தது. மருத்துவமனையில் மீண்டும் சொல்லி, இசைக்கென ஒரு தனி அமைப்பை அதில் ஏற்றச் செய்தார் சிக்கு. அதன்பின் கரகரப்புக் குறைந்தது. சொல் முழுவதும் திரும்பவில்லை. எஞ்சிய பகுதியைக் கருவி தர முடியாது என்று தெரிந்தபோது, அதை நாங்களே தருவது என்று முடிவு செய்தோம்.

பாட்டுகளின் சொற்களை நான் பெரிய எழுத்தில் தாளில் எழுதித் தரலானேன். ஐயா நடு நாற்காலியில் தாளை மடிமேல் வைத்துக்கொண்டு கேட்பார். சொல் கண்ணால் வந்தது. பண் செவியால் வந்தது. ஆனால் பாட்டு எந்த அடியில் நிற்கிறது என்பது சில வேளை தவறிவிடும். ஒரு மாலை, நான் உள்ளே தேநீர் ஆற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது ஒரு காட்சியைக் கண்டேன். அங்கிள் ஐயாவின் நாற்காலிக்கு அருகே தரையில் அமர்ந்து, தாளின்மேல் விரலை வைத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அந்தத் தட்டைக் கேட்டுப் பல்லவி எங்கே முடிகிறது, அனுபல்லவி எங்கே எழுகிறது, சரணத்திலிருந்து எப்போது மீள்கிறது என்பதெல்லாம் அவருக்குப் பாடமாகியிருந்தது. பாட்டு பல்லவிக்குத் திரும்பிய அதே கணத்தில் அவர் விரலும் தாளின் தலைக்குத் தாவியது. எழுத்தறியாத விரல் காட்ட, ஓசையறியாத செவி படித்தது. ஐயாவுக்கு முன்பு எத்தனையோ மாலைகளில் அவர் மாணவராய் இருந்து கேட்ட பாடம், அன்று ஆசிரியருக்கே திரும்பி வந்தது.

கயிறு கட்டிய தட்டுகள் மீண்டும் அலமாரிக்கு ஏறின. வணிகருக்கு வேறு பழம்பொருள்கள் கிடைத்திருக்கும்.

இதனை எண்ணும்போதெல்லாம், ஸ்டீரியோ முறை ஒரே ஒருவனுக்கு இடம் ஒதுக்கியதைக் குறையாகக் கருத எனக்குத் தோன்றுவதில்லை. எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கும் பொருளை எவரும் எவருக்கும் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. இடம் ஒன்றே என்பதால்தான் அதனை அளிக்க முடிகின்றது, பெற முடிகின்றது. லயத்து வீடுகளில் பாட்டு தானாகப் பரவியது. அங்கே கூடிக் கேட்டது வறுமை தந்த கூட்டுறவு. இன்று ஒவ்வொருவரும் தனித்துக் கேட்க வசதி உள்ள நாளில், வேண்டுமென்றே ஒரு மாலை எழுந்து இன்னொருவர் வீட்டுக்குச் சென்று ஓரத்து நாற்காலியில் அமர்வது, நாமே தேர்ந்துகொண்ட கூட்டுறவு. முன்னதைவிட இது சிறியதாயிருக்கலாம். ஆயினும் இதற்கும் ஓர் உயர்வு உண்டு.

எங்கள் செவிகளும் ஒருநாள் ஐயாவின் செவிபோல் ஆகும். இப்பொழுதே உயர்ந்த ஓசைகள் சில எனக்கு எட்டுவதில்லை என்பதைச் சோதனைத் தட்டு சொல்லிவிட்டது. அந்நாளில் நல்ல வால்வும் நல்ல ஊசியும் எனக்கு எந்த அளவுக்கு உதவும் என்று சொல்வதற்கில்லை. தாளின்மேல் வைத்து நகர்த்த ஒரு விரல் கிடைக்குமானால் அதுவே போதும்.

இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்து, வீட்டில் நல்ல ஒலி கேட்க என்ன வாங்கலாம் என்று கேட்பதுண்டு. ஆம்பிளிபயரையும் ஸ்பீக்கரையும் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, இறுதியில் இன்னும் சில நாற்காலிகளும் வாங்குங்கள் என்பேன். அவர்கள் நான் வேடிக்கை பேசுவதாய் எண்ணிச் சிரிப்பர். கருவியின் விலை எவ்வளவு உயர்ந்தாலும் ரிங்கிட் கணக்கில் அடங்கிவிடும். நாற்காலியில் வந்து அமர ஒருவர் கிடைப்பதுதான் அரிது. கிடைத்தால், அவரை நடுவில் அமர்த்துங்கள்.